மச்சம் தெரிகிற போன்

செல்போன் கடையில் என்னை ‘அக்கா’ என்று கூப்பிட்டதுமே அந்த விற்பனையாளன் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என் தலையில் பாதி வெள்ளை. அம்மா என்று கூப்பிட வேண்டியவன் அக்கா என்கிறான் என்றால், விற்காத எதையோ என் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று அர்த்தம்.

விழுப்புரத்தில் அது நாங்கள் ஏறிய மூன்றாவது கடை. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். திண்டிவனத்தில் நல்ல இடம் ஒன்று வந்தது. நேரில் வருவதற்கு முன்னால் பெண் போட்டோவைப் போனில் அனுப்பச் சொல்கிறார்கள் என்றார் தரகர். எங்கள் பழைய போனில் எடுத்தால் ஆளும் சுவரும் ஒன்றாகத் தெரியும். ஸ்டுடியோவுக்குப் போகலாம் என்றாள் மகள். அந்தப் பேச்சையே எடுக்காதே என்றேன். நல்ல கேமரா உள்ள போன் வாங்கி நானே எடுப்பதாக முடிவு. நல்ல கேமரா என்றால் எனக்கு ஒன்றுதான்: இருப்பதை இருக்கிற மாதிரி காட்ட வேண்டும்.

இந்தப் பிடிவாதம் 1993-ல் பிடித்தது. அப்போது நாங்கள் திண்டிவனத்தில் குடியிருந்தோம். எனக்கு வரன் பார்க்க அம்மா என்னை ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனாள். கறுப்பு வெள்ளைப் படம்தான்; கலர் என்றால் வெளியூர் அனுப்பிக் கழுவி வர நாளாகும். எடுத்து முடித்து வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, “குடைய உட்டுட்டேன் பாரு” என்று அம்மா திரும்பினாள். குடை என் கையில்தான் இருந்தது. சொல்வதற்குள் உள்ளே போய்விட்டாள். வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

வந்த படத்தில் இருந்தவள் நல்ல வெளுப்பு. டச்சப் செய்து நிறத்தை ஏற்றியிருந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்து மயிலம் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நான் காபித் தட்டோடு போய் நின்றேன். மாப்பிள்ளையின் அத்தை படத்தை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் கேட்டார்: “இந்த போட்டோல கீற பொண்ணு எங்கங்க?”

அவர்கள் காபியைக்கூட முழுதாகக் குடிக்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். அந்த அவமானம் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. பிறகு கெடார் பக்கத்துக்காரர் ஒருவர், போட்டோவெல்லாம் வேண்டாம், நேரிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று வந்து என்னைக் கட்டிக்கொண்டார். நான் வாய் ஓயாமல் திட்டுவது அந்த ஸ்டுடியோக்காரரைத்தான். என் மகளை யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டுவிடக் கூடாது.

விற்பனையாளன் ஒரு போனை நீட்டி மெகாபிக்சல் கணக்கெல்லாம் சொன்னான். நான் பையிலிருந்து அரக்கு நிற ரவிக்கைத் துணியை எடுத்தேன். நான் தையல்காரி. நூல் எடுத்தாலும் துணி எடுத்தாலும் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்க்காமல் வாங்கியதில்லை. போனையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன்.

“அக்கா, போன எங்க எடுத்துக்கினு போறீங்க?”

“வெளிச்சத்துல பாக்கணும் தம்பி. டியூப்லைட்டுல எல்லாமே நல்லாத்தான் இருக்கும்.”

“அப்டிலாம் வெளிய உடமாட்டாங்கக்கா. ஓனரு கத்துவாரு.”

“என்ன பாத்தா ஓடற மாதிரியா கீது? இந்தா, பைய வச்சிக்க.”

அவன் நிஜமாகவே பையை வாங்கி வைத்துக்கொண்டு வாசல்படியை மறித்து நின்றான். அவனுக்கு என் மேல் சந்தேகம், எனக்கு அவன் மேல். மகள் எனக்குச் சம்பந்தமே இல்லாதவள் போலத் தெருவைப் பார்த்தாள்.

துணியை எடுத்தேன். படத்தில் அரக்கு அரக்காகவே விழுந்தது. பரவாயில்லையே என்று மகளை நிற்க வைத்து எடுத்தேன். மாவில் முக்கி எடுத்த மாதிரி ஒரு முகம் வந்தது. உதட்டோரம் இருக்கும் மச்சத்தைக் காணவில்லை. துணிக்கு உண்மை சொல்கிற போன் முகத்துக்குப் பொய் சொல்கிறது.

“மச்சம் எங்க தம்பி?”

“அது பியூட்டி மோடுக்கா. எல்லாரும் இதத்தான் கேட்டு வாங்கிக்கினு போறாங்க.”

“நான் கேக்கலியே. கேக்காமயே ஏன் பண்ணுது?”

அவன் திரையில் அதன் அளவு காட்டும் ஒரு கோட்டைப் பூஜ்யத்துக்கு இழுத்தான். மறுபடி எடுத்ததும் மச்சம் வந்தது. “எடுத்தப்புறம் வேணும்னாலும் ஏத்திக்கலாம்க்கா” என்றான். வேண்டாம் என்றேன். இன்னும் மூன்று போன்களை வாசலுக்குக் கொண்டுபோனேன். எல்லாமே ஒரே திருட்டுக் கூட்டம். கடைசியில் பூஜ்யத்தில் ஒழுங்காக நின்ற முதல் போனையே வாங்கினோம்.

மறுநாள் காலை வெயிலில், வீட்டு வாசலில் மகளை நிற்க வைத்து எடுத்தேன். “அப்டியே அனுப்பு, எதையும் மாத்தாத” என்று சொல்லிவிட்டு அவள் புடவை மாற்ற உள்ளே போனாள். நான் படத்தைப் பார்த்தேன். மச்சம் இருந்தது, நெற்றிக் கறுப்பு இருந்தது. என் மகள் அப்படியே இருந்தாள். அப்படியே என் நிறம்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. அன்றைக்கு என்னை நேரில் வந்து பார்த்துவிட்டாவது போனார்கள். இந்தப் படத்தைப் பார்த்தால் வரவே மாட்டார்களோ? அந்தக் கோட்டைத் தேடினேன். பூஜ்யத்திலிருந்து இரண்டுக்கு நகர்த்தினேன். நெற்றி தெளிந்தது, மச்சம் மங்கியது. கொஞ்சம்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். இன்னும் ஒன்று ஏற்றப் போனபோது விரல் நின்றுவிட்டது. மயிலத்து அத்தை கேட்ட கேள்வி காதில் விழுந்தது.

கோட்டைத் திரும்பப் பூஜ்யத்துக்கு இழுத்து, படத்தை அனுப்பினேன். வெளியே வந்த மகள் போனை வாங்கினாள்.

“எதுனா பண்ணியாம்மா இதுல?”

“இல்ல” என்றேன். அவள் நம்பவில்லை. முகத்தைப் பெரிதாக்கி மச்சத்தைத் தேடிப் பார்த்த பிறகுதான் போனைக் கொடுத்தாள்.

இத்தனை வருஷமாக ஸ்டுடியோக்காரரைத் திட்டியிருக்கிறேன். அவராக எதுவும் செய்திருக்க மாட்டார்; சொன்னதைத்தான் செய்திருப்பார். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள்; இனிக் கேட்க முடியாது. கேட்கவும் வேண்டியதில்லை. அன்றைக்கு உள்ளே திரும்பிப் போனபோது, குடை என் கையில் இருந்தது அம்மாவுக்குத் தெரியும்.