எழுபத்து மூன்றுக்கு அப்புறம்

என் மகள் பகா எண்களைப் படித்துக்கொண்டிருந்தாள். பதினொன்றும் பதின்மூன்றும்போல, நடுவில் ஒரே ஓர் எண் விட்டு வருகிறவை இரட்டையராம். அவை முடிவில்லாமல் வருமா என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லையாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் அந்த இரட்டையரை எனக்குத் தெரியும். சொல்லக் கூச்சமாக இருந்தது, எழுதுகிறேன்.

சின்ன வயதில் நாங்கள் இருந்தது அக்கரப்பத்தனைப் பக்கம், தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில். அம்மாவின் தம்பியான மாமா, பள்ளியில் சாதாரணதரப் பரீட்சை வரை படித்துவிட்டு வேலையில்லாமல் எங்களோடு இருந்தார். மழை நாட்களில் இருவரும் தேயிலைக் கொட்டைகளை வாசலில் சம வரிசைகளாக அடுக்குவோம். எத்தனை வரிசையாக அடுக்கினாலும் மிச்சம் விழுகிற எண்ணுக்கு மாமா வைத்த பெயர் 'அடங்காதது'. அடங்காத ஜோடிகளை 71, 73 வரை கண்டுபிடித்திருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா பையோடு ஹட்டனுக்குக் கிளம்பினார். நான் ஹட்டனைப் பார்த்ததே இல்லை. பையைப் பிடித்துத் தொங்கினேன்.

"சரிடா மருமவனே. எழுபத்து மூனுக்கு அப்புறம் அடுத்த ஜோடி எதுன்னு சொல்லு, கூட்டிட்டுப் போறேன். பஸ் வர்றதுக்குள்ள சொல்லணும்."

முந்தைய ஜோடிகள் பன்னிரண்டு, மிஞ்சினால் பதினெட்டு தள்ளி வந்தவை. பன்னிரண்டு தள்ளினேன், எண்பத்தைந்து ஐந்து வரிசையில் அடங்கிவிட்டது. பதினெட்டு தள்ளினேன்: 89, 91. ஆறு வரிசை வரை அடுக்கியும் இரண்டும் அடங்கவில்லை. எங்கள் லீக்ஸ் செடிப் பாத்தியில் கை எட்டும் அளவுக்கு ஆறு வரிசைதான் நடுவோம். அதற்கு மேல் அடுக்குவது அதுவரை மாமாவின் வேலை, எனக்குத் தோன்றவில்லை.

"தொண்ணூத்தொன்னு மாமா! சட்டைய மாத்தவா?"

மாமா குனிந்து கொட்டைகளை ஏழு வரிசையாக்கினார். வரிசைக்குப் பதின்மூன்று. மிச்சமில்லை.

"அடங்கிருச்சேடா, அவசரக்குடுக்கை! இன்னும் மேல போ."

பஸ் ஹார்ன் கேட்டது. போய்விட்டார்.

ஏழு வரிசையும் சேர்த்து அடுக்கிக்கொண்டே போனேன். சாயங்காலம் 101, 103 கிடைத்தது. மாமா இனித் தப்ப முடியாது என்று கடைசி பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். அவர் ஹட்டனில் ரயிலேறிக் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டார் என்பதும், அம்மாவுக்கு அது முன்பே தெரியும் என்பதும், 73க்கு அப்புறம் வரும் அந்த இடைவெளி எவ்வளவு நீளம் என்று தெரிந்தேதான் மாமா அதைக் கேட்டார் என்பதும் பிறகு தெரிந்தவை.

வாசலில் ஓர் இலை கிடந்தாலே கத்துகிற அம்மா, அன்று நூற்று மூன்று கொட்டைகளில் ஒன்றையும் மிதிக்காமல் சுற்றிப்போய்த் தண்ணீர் எடுத்துவந்தார். கணக்குக்குக் கொடுத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.