டவர் ஃபுல்லாக இருந்த வீடு

எதையும் நாலு கடையில் விசாரிக்காமல் வாங்க எனக்குத் தெரியாது. குக்கர் கேஸ்கட்டாக இருந்தாலும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் இதை வியாதி என்பார். பிழைப்பும் அதற்கேற்ற மாதிரி அமைந்துவிட்டது. சிவகங்கைப் பக்கமிருந்து கல்யாணமாகி ஓசூருக்கு வந்தவள், கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். வரிசையாக வருகிற பாகத்தை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் ஓகே, இல்லையென்றால் என்ஜி என்று ஒதுக்க வேண்டும். நான் ஓகே போட்ட பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. அந்தத் திமிரோடுதான் எங்கள் லைன் வீட்டுக்கு எந்த சிம் நல்லது என்று பார்க்க இறங்கினேன்.

லைன் வீடு என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஆறு போர்ஷன். முன்னால் பொது வாசல், மேலே பொது மாடி. ஊருக்கு வெளியே, மெயின் ரோட்டிலிருந்து கால் மணி நேரம் நடந்தால் வரும். பின்னால் ஒரு தைலமரத் தோப்பு. தோப்பைத் தாண்டினால் கர்நாடகா. ஆறு வீட்டிலும் கம்பெனி வேலைக்காரர்கள், கடைசி வீட்டு பாய் அண்ணனைத் தவிர. அவர் ஆம்னி வேனில் நைட்டி, லுங்கி, பெட்ஷீட் ஏற்றிக்கொண்டு சம்பள வாரத்தில் கம்பெனி கேட் கேட்டாகப் போய் விற்பவர்.

அப்போது ஆறு வீட்டில் நாலு கம்பெனி சிம் இருந்தது, ஒன்றும் உருப்படியில்லை. ஒருத்தி ஜன்னல் கம்பியில் போனைக் கட்டித் தொங்கவிட்டு ஸ்பீக்கரில் கத்துவாள். இன்னொரு வீட்டில் அடுப்படி மேடையில் நின்றால் மட்டும் கேட்கும். பாய் அண்ணன் போன் அடித்தால் மாடிக்கு ஓடுவார். அவர் படியேறி முடிப்பதற்குள் அடித்து ஓய்ந்துவிடும். போதாததற்குப் பாதிப் பேர் இரண்டு சிம் வைத்திருந்தார்கள். இப்போதெல்லாம் காசு போடாவிட்டால் இன்கமிங்கூட நின்றுவிடுகிறது. பேசவே பேசாத இரண்டாவது சிம்முக்கும் மாசாமாசம் தண்டம் கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரியும்.

ஒரு பழைய செக்‌ஷீட் நோட்டை எடுத்துக் கட்டம் போட்டேன். தினம் எத்தனை ஜிபி, எத்தனை நாள் வேலிடிட்டி, ஒரு நாளைக்கு என்ன விழுகிறது. இருபத்தெட்டு நாளை ஒரு மாசம் என்று சொல்லி வருஷத்துக்குப் பதிமூன்று தடவை கறக்கிற வித்தையைச் சிவப்புப் பேனாவில் தனியாக எழுதினேன். லைனில் மூன்று பேரிடம் மூன்று கம்பெனி போனை இரவல் வாங்கி, ஒரு வாரம் கம்பெனி பஸ்ஸில் கொண்டுபோனேன். ஸ்டாப்புக்கு ஸ்டாப் சிக்னல் எத்தனை கோடு என்று குறித்தேன். வீட்டில் அறை அறையாகப் பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரி, "பைத்தியமாடி உனக்கு?" என்றாள். நான் இறங்குகிற வரைக்கும் எழுதிக்கொண்டே வந்தேன்.

ஜெயித்த கம்பெனிக்குப் போட்டியே இல்லை. விலை குறைவு, டேட்டா அதிகம், குளியலறைக்குள்ளேகூட நாலு கோடு. அதன் டவர் தோப்புக்கு அந்தப் பக்கம், கர்நாடகாவில், மாடியில் நின்றால் தெரிகிற தூரத்தில் இருந்தது. முன்பெல்லாம் இந்த ஊரில் சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே ரோமிங் கட்டியவர்கள் உண்டு. அது ஒழிந்துபோன பிறகு டவர் எந்த மாநிலத்தில் நின்றால் என்ன என்றுதான் நினைத்தேன். கர்நாடகாவுக்கு நல்வரவு என்று மெசேஜ் வரும், அழித்துவிட்டால் போயிற்று. நாம் கூப்பிட்டவர் எடுக்காவிட்டால் பதிவு செய்த குரலில் ஒரு பெண் கன்னடத்தில், "நீவு கரெ மாடித சந்தாதாரரு" என்று ஆரம்பிப்பாள். எங்கள் பிள்ளைகள் அதை மனப்பாடமாகச் சொல்லி ஆடும், நாங்கள் சிரிப்போம். என் நோட்டில் அதற்கு ஒரு கட்டம் போட எனக்குத் தோன்றவேயில்லை.

ஐந்து வீடும் ஒரே வாரத்தில் மாறியது. ரோட்டோரம் குடை விரித்து உட்கார்ந்திருக்கிற சிம்காரர், அத்தனை பேரைக் கூட்டி வந்ததற்காக எனக்கு ஒரு பிளாஸ்டிக் பக்கெட் கொடுத்தார். இரண்டாவது சிம்மையெல்லாம் நான்தான் நின்று கழற்ற வைத்தேன். பாய் அண்ணன் மட்டும் பிடிகொடுக்கவில்லை.

"இருக்கட்டும்மா, பழகிப்போச்சு," என்றார்.

"என்னண்ணே பழகிப்போச்சு? படியேறி படியேறி மூச்சு வாங்குறது பழகிப்போச்சா? நம்பர் மாறாதுண்ணே. வேன்ல எழுதியிருக்கிற அதே நம்பர்தான். காசு குறையும், டவர் ஃபுல்லா கிடைக்கும். வேறென்ன வேணும் உங்களுக்கு?"

பார்க்கும்போதெல்லாம் இப்படி அரித்தேன். நைட்டி விலையில் பத்து ரூபாய் குறைக்காதவர், இதில் மட்டும் எப்படி ஏமாறுகிறார் என்று வாசலில் எல்லார் முன்னாலும் கிண்டல் செய்தேன். ஒரு மாசம் கழித்து அவரே போய் மாற்றிக்கொண்டு வந்தார். "தங்கச்சி வாய்க்குப் பயந்து மாத்திட்டேன்," என்று சிரித்தார். அன்று ராத்திரி அவர் வீட்டிலிருந்து எங்களுக்கு ஒரு கிண்ணம் பிரியாணி வந்தது. கடைசிப் பெட்டிக்கும் ஓகே போட்ட திருப்தியோடு சாப்பிட்டேன்.

நாலு மாசம் நன்றாகத்தான் போனது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். ஓவர்டைம் இருந்ததால் லைனில் பாய் அண்ணனைத் தவிர ஆண்கள் யாரும் இல்லை. என் வீட்டுக்காரரும் ஷிப்டில் இருந்தார். அவர்கள் கம்பெனியில் போனை கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பாய் அண்ணனின் மனைவி, கடைசி வீட்டு அக்கா, முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் ஓடி வந்தார்.

"அவரு ஒரு மாதிரியா இருக்காரும்மா. வந்து பாரு."

அண்ணன் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பனியன் முழுக்க நனைந்திருந்தது. பக்கத்தில் பாதி குடித்த சோடா பாட்டில். என்னைப் பார்த்ததும், "கேஸ்தாம்மா, சரியாயிடும்," என்றார். இடது கையைத் தூக்க முடியவில்லை. முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. கம்பெனியில் முதலுதவி வகுப்பு எடுத்தபோது சொன்னது அத்தனையும் என் கண் எதிரே உட்கார்ந்திருந்தது.

நூற்றெட்டு ஆம்புலன்ஸுக்குப் போட்டேன். இரண்டாவது ரிங்கில் எடுத்துவிட்டார்கள். ஒரு பெண் குரல், கன்னடத்தில்.

எனக்குத் தெரிந்த கன்னடம் பஸ்ஸுக்கும் காய்கறிக்கும் போதும். "நெஞ்சுவலி, சீக்கிரம் வாங்க," என்று தமிழிலேயே கத்தினேன். அந்தப் பெண் நல்லவள். தெரிந்த தமிழைக் கூட்டி, நிதானமாக, எந்தத் தாலுகா என்று கேட்டாள். தோப்புக்கு அந்தப் பக்கத்து ஆனேக்கல்லா என்றாள். "ஓசூர்! தமிழ்நாடு!" என்றேன்.

"அம்மா, இது கர்நாடகா. நீங்க தமிழ்நாடுக்கு போன் மாடணும்."

"நான் தமிழ்நாட்டுலதான் இருக்கேன்!"

லைனில் இருங்கள், மாற்றிக் கொடுக்கிறேன் என்றாள். பாட்டு ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு அறுந்துவிட்டது. திரும்பப் போட்டேன். இந்த முறை ஓர் ஆண் குரல். மறுபடி கன்னடம், மறுபடி எந்தத் தாலுகா.

"உங்க போன்ல போடுங்க!" என்று இரண்டாவது வீட்டுக்காரியிடம் கத்தினேன். அவள் போட்டாள். கன்னடம். மூன்றாவது வீடு. கன்னடம். அக்கா அண்ணனுடைய போனிலேயே போட்டார். அதிலும் கன்னடம். ஒருத்தி மாடிக்கு ஓடினாள். மேலேயிருந்து, "இங்கயும் நாலு கோடுக்கா, ஆனா அவங்கதான் எடுக்குறாங்க!" என்று அழுதாள்.

அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. டவர் எந்த மாநிலத்தில் நிற்கிறதோ அந்த மாநிலத்துக்குத்தான் ஆம்புலன்ஸ் கால் போகும்; ஆறு வீட்டிலும் எத்தனை போன் இருந்தாலும் போகிற இடம் ஒன்றுதான். தோப்புக்கு அந்தப் பக்கத்து டவர் எங்கள் எல்லோரையும் கெட்டியாகப் பிடித்து வைத்திருந்தது. அந்த டவரைப் பொறுத்தவரை நாங்கள் கர்நாடகாவில் குடியிருக்கிறவர்கள். முன்பு நாலு கம்பெனி இருந்தபோது எவளாவது ஜன்னலில் தொங்கவிட்டோ மாடியில் நின்றோ இந்தப் பக்கத்து டவரைப் பிடித்திருப்பாள். பாய் அண்ணன் மாடியில் பிடித்துக்கொண்டிருந்த அந்த ஒற்றைக் கோடு ஓசூர் டவருடையது. வேலைமெனக்கெட்டு ஒவ்வொரு வீடாகப் போய் அதையெல்லாம் பிடுங்கிப் போட்டவள் நான். ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம் இருக்கும், போனையே பார்த்தபடி நின்றேன். அந்த நிமிஷத்துக்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

அக்கா, "என்னம்மா, வர்றாங்களா?" என்று கேட்டார். நான் ஓட ஆரம்பித்தேன்.

வேன் வாசலில்தான் நின்றது. ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் உள்ளே கிடந்தார். செருப்பில்லாமல் மெயின் ரோடு வரைக்கும் ஓடினேன். முதலில் வந்த வண்டியின் குறுக்கே போய் நின்றேன். அது ரோஜாப்பூ மார்க்கெட்டுக்குப் போகிற பிக்கப். ஓட்டியவர் தெலுங்கில் திட்டத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். நான் சொன்ன தமிழ் அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. மறுபேச்சில்லாமல் வண்டியைத் திருப்பினார். அண்ணனைப் பெட்ஷீட்டில் வைத்து நாலு பெண்களாகத் தூக்கினோம். பின்னால் பூக்கட்டுகளை ஒதுக்கிப் படுக்க வைத்து, அக்கா தலையை மடியில் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது, வலி தொடங்கி ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

உயிர் தப்பிவிட்டது. மூன்றாம் நாள் டாக்டர் வெளியே வந்து பேசினார். இருதயத்தில் ஒரு பகுதி வேலை செய்யாது, இனிமேல் கனம் தூக்கக் கூடாது என்றார். "அரை மணி நேரம் முன்னாடி கொண்டுவந்திருந்தா இவ்வளவு டேமேஜ் ஆகியிருக்காது," என்றார். யாரையும் குற்றம் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்து அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். பதினோரு கட்டம். ஒவ்வொன்றும் சரி. விலை சரி, வேகம் சரி, கோடு சரி. தப்பான அளவு ஒன்றுகூட இல்லை என்பதுதான் என்னை அப்படிப் பயமுறுத்தியது. "இது யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியுமா? உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?" என்றார் என் வீட்டுக்காரர். ஆறுதலுக்குச் சொன்னதுதான். நான் அவர்மேல் எரிந்து விழுந்தேன். தெரியாதவள் எதற்கு ஊருக்கெல்லாம் சொல்லப் போனாள்?

அண்ணன் வீடு திரும்பிய பிறகு நான் அந்தக் கடைசி வீட்டுப் பக்கமே போகவில்லை. வேனை விற்கப் போகிறார்கள், அக்கா ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறார் என்று அரசல்புரசலாகக் காதில் விழுந்தது. தண்ணீர் பிடிக்கப் போனால்கூட அக்கா உள்ளே போன பிறகுதான் குடத்தை எடுப்பேன். ஷிப்ட் முடிந்து வந்தால் கதவைச் சாத்திக்கொள்வேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். ஒரு சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. அக்கா நின்றார். கையில் அண்ணனுடைய போன்.

"ரீசார்ஜ் முடியப்போகுது. எந்த கம்பெனிக்கு மாத்துறதுன்னு சொல்லும்மா," என்றார்.

இவருக்கு நடந்தது புரியவில்லை, யாரும் சொல்லவில்லை என்று நினைத்தேன். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு விநாடி தோன்றியதும் உண்மை.

"அக்கா, என்கிட்டயா கேக்குறீங்க? நான் சொல்லி மாத்துனதாலதானே அன்னைக்கு..."

"தெரியும்," என்றார். "ஆஸ்பத்திரியிலயே அவரு சொல்லிட்டாரு. தங்கச்சி மேல தப்பு இல்லன்னும் சொன்னாரு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தப்புதான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து, போனை என் கையில் வைத்தார்.

"ஆனா இந்த லைன்ல உன்னை மாதிரி பார்த்துச் சொல்றதுக்கு வேற யாரு இருக்கா? ஒண்ணொண்ணா பாரு. இந்தத் தடவ மொதல்ல ஆம்புலன்ஸுக்குப் போட்டுப் பாரு, யாரு எடுக்குறாங்கன்னு."