பதினேழாம் எண் குழல்

என் தம்பி அனெஸ்திஸுக்கு அடுத்தவன் வீட்டின் மீதோ காரின் மீதோ பொறாமை வந்து நான் பார்த்ததில்லை. எங்கள் சித்தி மகன் ஏகினா தீவில் கடலைப் பார்த்த மாதிரி இரண்டு மாடி கட்டினான். குடிபுகுந்த அன்று இவன் போய் மூன்று தட்டு மத்தி வறுவலைத் தின்றுவிட்டு அங்கேயே நாற்காலியில் குறட்டை விட்டான். அவ்வளவுதான் அவன் பார்த்த மாடி. ஆனால் அதே வீட்டின் படிக்கட்டுக் கைப்பிடியில் பற்றவைத்த இடம் தெரியாமல் யாரோ ராவியிருந்தார்கள். அதை மட்டும் விரலால் தடவித் தடவிப் பார்த்தான். ஊருக்குத் திரும்பும் கப்பலில், "அதை யார் பண்ணினான்னு கேட்டு வச்சியா அக்கா?" என்றான். மூன்று நாள் முகம் சரியில்லை.

பதினைந்து வயதில் லேத்தில் நின்றவன். எங்கள் துறைமுக ஊரான பெராமாவில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறைகளில் முப்பத்தொன்பது வருடம். ஒரு நாளைக்கு மூன்று பெட்டி சிகரெட். இரண்டாயிரத்துப் பதினொன்றில் அவனுடைய இருமல் மேல்தளத்தில் படுத்திருக்கும் என்னை எழுப்பும் அளவுக்கு வந்தபோது, அவன் மனைவி வாசோ கடையிலிருந்து ஒரு மின்சிகரெட் வாங்கி வந்து மேசையில் வைத்தாள். "இதைப் பிடி. இல்லன்னா சவப்பெட்டிக்கு அளவு கொடுத்துட்டு வந்துடு" என்றாள். ஒரே வாரத்தில் சிகரெட்டை விட்டான். ஆனால் அந்த பிளாஸ்டிக் சாமானைக் கையில் பிடிக்க அவனுக்கு வெட்கம். "பொம்மைக் கடைச் சாமான்" என்று திட்டிக்கொண்டே இருந்தான்.

பிறகு, பழைய கப்பல் வால்வின் பித்தளைத் தண்டு ஒன்றைக் கடைந்து தனக்கென்று ஒரு குழல் செய்துகொண்டான். உள்ளே ஒரு பேட்டரி, மேலே கம்பிச்சுருளும் பஞ்சும் திரவமும், கீழே அழுத்தும் பொத்தான். வேறொன்றும் கிடையாது. அதைப் பார்த்து சனிக்கிழமைக் கூட்டாளிகள் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். மொத்தம் ஏழு செய்தான். ஒவ்வொன்றின் கழுத்திலும் அவரவர் பெயரின் முதலெழுத்து. காசு வாங்கவில்லை. வாங்கியது வேறு. சனிக்கிழமை மதியம் அகதிமக்கள் தெருவில் ஊசோ என்ற சோம்புச் சாராயம் விற்கும் கடையில் எல்லோரும் குழலைத் தட்டுகளுக்கு நடுவே வைப்பார்கள். ஏழும் அவன் கையால் ஆனவை. அவன் அதை ஒரு சுற்று பார்ப்பான், பிறகுதான் கிளாசைத் தொடுவான்.

அந்த மேசைக்குத்தான் பந்தெலிஸ் பதினேழாம் எண்ணைக் கொண்டுவந்தான். அது இரண்டாயிரத்துப் பதின்மூன்று, அக்டோபர்.

பந்தெலிஸ் எங்களுக்குக் கும்பாரோஸ். அனெஸ்திஸின் கல்யாணத்தில் மாலை மாற்றி வைத்தவன், அவன் மகளுக்கு ஞானஸ்நானத் தகப்பன். அதாவது உடன்பிறந்தவனோடு சண்டை போட்டாலும் போடலாம், இவனோடு போடக்கூடாது. துறைமுகத்தில் இழுவைப் படகில் இயந்திர வேலை. பெரிய உடம்பு, பெரிய வாய். அன்று சட்டைப்பையிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்து மேசையில் வைத்தபோது மட்டும் வாயே திறக்கவில்லை. அவன் மனைவி ஸ்தமாதியாதான் ஒலிவக் கொட்டைகளை ஓரம் தள்ளி இடம் செய்தாள்.

"தெசலோனிக்கில ஒரு பையன் பண்றான்" என்றான் பந்தெலிஸ். "மொத்தமே அம்பதுதான். இது பதினேழு."

பெட்டிக்குள் கறுப்பு வெல்வெட்டில் படுத்திருந்தது. துரு ஏறாத எஃகு. மினுக்கம் இல்லை, பால் வடித்த மாதிரி ஒரு மங்கல். பொத்தான் அடியில் இல்லாமல் பக்கத்தில், கட்டைவிரல் தானாகப் போய் உட்காரும் இடத்தில் இருந்தது. அடிமூடியின் நடுவில் பதினேழு என்று பொறித்திருந்தது.

"சுகமா வச்சிக்கோ!" என்றார்கள் மேசையைச் சுற்றி. புதுச் செருப்பு போட்டு வந்தாலும், முடிவெட்டிக்கொண்டு வந்தாலும் நாங்கள் சொல்வதுதான். நானும் சொன்னேன்.

அனெஸ்திஸ் சொல்லவில்லை. "எவ்வளவு?" என்று கேட்டான்.

"இருநூத்தி எண்பது."

"யூரோவா?"

"இல்லடா, பூசணி விதை."

எல்லோரும் சிரித்தார்கள். குழல் கைமாறிக் கைமாறி வந்தது. ஒருவன் எடை பார்த்தான், ஒருவன் இழுத்துப் பார்த்தான். ஆவி தடிமனாக, சூடு சரியாக, சோம்பு வாசனையோடு எழுந்து விளக்கை மறைத்தது. "தொண்டையில சொரசொரப்பே இல்லடா!" என்றான் ஒருவன். "என்னோடது இழுத்தா ரப்பர் கருகுற மாதிரி வரும்." அவனுடையது அனெஸ்திஸ் செய்தது. சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அவசரமாக ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான்.

கடைசியில் என் தம்பி கைக்கு வந்தது. அவன் இழுக்கவில்லை. அடிமூடியைக் கழற்றினான். இரண்டு விரலால் லேசாகத் தொட்டதற்கே மரை தானாகச் சுழன்று இறங்கியது, சத்தமில்லாமல், தேன் இறங்குவது மாதிரி. திரும்ப ஏற்றினான், இறக்கினான், ஏற்றினான். எனக்கு அவன் முகம் தெரியும். அவனால் அந்த மரையை அப்படி வெட்ட முடியாது. அவன் லேத் அவன் வயசுக்காரி, அவ்வளவு நுணுக்கம் அதற்குக் கிடையாது. அதை ஒத்துக்கொள்வதற்குப் பதில் அவன் நாக்கை அறுத்துக்கொள்வான்.

"எப்படிடா?" என்றான் பந்தெலிஸ்.

"பரவாயில்ல." பிறகு, "திங்கக்கிழமை வரைக்கும் கொடு. பிரிச்சுப் பார்க்கறேன்."

ஸ்தமாதியா கணவனின் முழங்கையை இடித்ததைப் பார்த்தேன். ஆனால் கும்பாரோஸ் கேட்டால் இல்லையென்று சொல்ல முடியாது. பெட்டியோடு கொடுத்தான்.

ஞாயிறு மதியம் சாப்பிடக் கூப்பிட நான்தான் கீழே போனேன். வீட்டுக்கடியில் கார் நிற்கவேண்டிய இடத்தில் அவனுடைய சின்ன லேத் இருக்கிறது. கார் தெருவில் நிற்கிறது. வெள்ளைத் துண்டின்மேல் பதினேழாம் எண் துண்டு துண்டாகக் கிடந்தது. பக்கத்தில் அளவுக்கருவிகள்.

"என்னடா, குத்தம் கிடைச்சுதா?"

"காலையிலேர்ந்து தேடறேன் அக்கா. மயிரிழை பிசகு இல்ல." நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "இப்பதான் ஒண்ணு கிடைச்சுது. காத்துத் துளை இல்ல."

எனக்குப் புரியும்படி சொன்னான். பேட்டரி சூடேறிப் பொங்கினால் உள்ளே வாயு சேரும். வெளியே போக வழியில்லாவிட்டால் இந்தக் குழல் வெடிக்கும், அதுவும் வாய்க்கு நேரே. அவன் செய்த ஏழிலும் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. இந்தப் பையன், அழகு கெடும் என்று விட்டுவிட்டான் போலிருக்கிறது.

"அப்ப பந்தெலிஸ்கிட்ட சொல்லு."

"சொன்னா பொறாமைம்பான்."

"இல்லையா?"

என்னை நிமிர்ந்து பார்த்தான். "பொறாமைதான். ஆனா துளையும் இல்ல."

அங்கேயே நின்று போன் போட்டான். எடுத்தது ஸ்தமாதியா. அவள் குரல் அந்தச் சின்ன அறையில் எனக்கே கேட்டது.

"வெடிக்குமா? ஏன் அனெஸ்திஸ், நீ பார்த்த பார்வையிலயே வெடிச்சிருக்கணுமே, எப்படித் தப்பிச்சுது? மேசையில இருந்தவங்க அத்தனை பேரும் சுகமா வச்சிக்கோன்னாங்க. நீ ஒருத்தன் மட்டும் வெலை கேட்ட. நான் கவனிக்கலன்னு நினைச்சியா? வீட்டுக்கு வந்ததுலேர்ந்து எங்க ஆளுக்கு ஒத்தைத் தலைவலி. எங்கம்மா கண்ணு பட்டிருக்கான்னு தண்ணியில எண்ணெய் விட்டுப் பார்த்தாங்க, துளி அப்படியே பரவிப் போச்சு. த்தூ, த்தூ, த்தூ! கண்ணை எடுத்துக்கிட்டு, சாமானை நாளைக்குக் கொண்டு வந்து கொடு."

"ஸ்தமாதியா, நான் சொல்றது..."

வைத்துவிட்டாள். அவள் பேசியது எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. ஆனால் தப்பு எங்கள் பக்கம். ஒரே ஒரு வார்த்தை. ஐந்து வயதுக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

"சாப்பிட வா. ஆறிப் போகுது" என்றேன்.

"நீ போ. வர்றேன்."

நான் பாதிப் படி ஏறியிருப்பேன். துளையிடும் சத்தம் கேட்டது. நின்றேன். கொஞ்சம் ஓய்ந்து மறுபடி கேட்டது. பிறகு இன்னொரு தரம்.

திங்கட்கிழமை நடந்ததை விரிவாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பந்தெலிஸ் தானே எங்கள் வாசலுக்கு வந்து, பெட்டியைத் திறந்து அடிமூடியைப் பார்த்தான். பதினேழைச் சுற்றி மூன்று துளைகள். மூன்றாவது துளை ஏழின் வாலைத் தின்றிருந்தது.

"என்ன பண்ணியிருக்க நீ?"

"காத்துப் போக வழி."

"என்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன். உன் பொண்டாட்டி எண்ணெய்த் துளி கணக்கு சொன்னா."

"அம்பதுல ஒண்ணுடா இது! உன் வால்வுத் தண்டா? உனக்கு மரை கழண்டுடுச்சா?" பந்தெலிஸ் கத்தியதில் எதிர்ப்புறம் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் கொடியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். "முப்பது வருஷமா உன்னைத் தம்பின்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். அந்த வார்த்தையை நீ என் வாயிலேர்ந்து பிடுங்கித் துப்பிட்ட."

பந்தெலிஸ் தன் பெயரெழுத்துப் பொறித்த பழைய பித்தளைக் குழலைப் பையிலிருந்து எடுத்து எங்கள் வாசல் படியில் வைத்துவிட்டுப் போனான்.

ஐந்து சனிக்கிழமை அந்த மேசை இரண்டாகக் கிடந்தது. முதல் வாரம் நாங்கள் போனோம், அவர்கள் வரவில்லை. அடுத்த வாரம் அவர்கள் வந்திருந்தார்கள். இவன் வாசலிலிருந்தே திரும்பிவிட்டான். அனெஸ்திஸின் மகள் பாத்ராஸிலிருந்து போன் செய்து, "என் பெயர்நாளுக்கு வாழ்த்துச் சொல்ல ஞானத்தகப்பன் கூப்பிட்டார், அப்பா பேரைச் சொன்னதும் மழை பெய்யுதுன்னு பேச்சை மாத்திட்டார்" என்று அழுதாள். வாசோ தட்டை வைக்கிற சத்தத்திலேயே அவள் யார் பக்கம் என்று தெரிந்தது. "துளை போட்டானாம், துளை! பல்லுக்குப் போட வேண்டியது, டாக்டர்கிட்ட போகச் சொல்லி ரெண்டு வருஷமாச்சு" என்பாள் சுவரைப் பார்த்து.

அவன் இரவும் பகலும் லேத்தின் முன்னால் நின்றிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. அதுவும் இல்லை. விளக்கைப் போடாமல் அங்கே ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தான்.

ஆறாவது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அழைப்புமணி அடித்தது. பந்தெலிஸ் நின்றிருந்தான், கையில் பாகு சொட்டும் பால்பணியாரப் பெட்டி. உள்ளே வந்து உட்கார்ந்து, செருமி, மேசைத் துணியைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அடிமூடி தனியா கிடைக்குமான்னு தெசலோனிக்கிப் பையனுக்கு எழுதினேன். படமும் அனுப்பினேன், உன்னைத் திட்டித்தான் எழுதினேன். பதில் வந்துச்சு." கைபேசியைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு படித்தான். "'இதைச் செய்த மாஸ்டர் யாரோ, அவருக்கு என் வணக்கம். முதல் அம்பதுல துளை விட்டது என் தப்பு. அடுத்த வகையில வச்சிருக்கேன். பழைய மூடி கைவசம் இல்ல, மன்னிக்கணும்.'"

வாசோ காப்பிச் செம்பை அடுப்பிலிருந்து இறக்கவே மறந்து நின்றாள். காப்பி பொங்கி வழிந்தது.

"மாஸ்டர்ங்கறான்டா உன்னை" என்றான் பந்தெலிஸ். "கடையில எல்லார்கிட்டயும் காட்டினேன். அவன் புது வகையில ஒரே ஒரு துளைதான் வச்சிருக்கான். நீ மூணு போட்ட. அனுபவம்னா அதான்னு சொன்னேன். எதுக்கும் இருக்கட்டும்னு முன்ஜாக்கிரதையா மூணு போட்டிருக்கான் பாருங்கடான்னு..."

"ஒண்ணு போதும்" என்றான் அனெஸ்திஸ்.

"என்ன?"

"ஒரு துளை போதும். முதல்ல போட்டது போதும்." அவன் காதுகள் சிவந்திருந்தன. "மத்த ரெண்டும் வேணும்னே போட்டேன். போன்ல உன் பொண்டாட்டி அப்படிப் பேசினாளா... இல்ல, அவ மேல பழி போடல. அந்த மரையைப் பார்த்ததுலேர்ந்தே எனக்கு வயிறு எரிஞ்சுது. மூணாவதைப் போடும்போது நம்பர் மேல படும்னு தெரியும்."

நான் தம்பியின் தொடையில் கிள்ளினேன். யார் உன்னைக் கேட்டது, வந்த மரியாதையை வாங்கி வைத்துக்கொள்ளக்கூடாதா? என் மனதிலிருந்ததைத்தான் வாசோவும், "ஐயோ இந்த ஆளு!" என்று முனகினாள்.

எனக்கு இப்போது புரிகிறது. வேறு எதைப் பற்றிப் புகழ்ந்திருந்தாலும் அவன் கேட்டுக்கொண்டு இருந்திருப்பான். வேலையைப் பற்றிப் புகழ்ந்துவிட்டான் பந்தெலிஸ். செய்யாத வேலைக்கு.

பந்தெலிஸ் பணியாரப் பெட்டியின் கயிற்றைச் சுருட்டினான், பிரித்தான். எழுந்து போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். பையிலிருந்து குழலை எடுத்து அடிமூடியைத் தன் பக்கம் திருப்பினான்.

"எது முதல்ல போட்டது?"

"ஒண்ணாம் நம்பருக்கு இடது பக்கம் இருக்கறது."

"மத்த ரெண்டையும் அடைக்க முடியுமா?"

"அதே எஃகுல ஆணி கடைஞ்சு இறுக்கி, ராவி விட்டா முடியும்."

"ஏழோட வாலு?"

"அதையும் வெட்டித் தர்றேன்."

"தெரியக்கூடாது."

"தெரியாது."

"அப்ப எழுந்திரு."

"காப்பியைக் குடிச்சுட்டு..."

"இப்பவே. நானும் வர்றேன்." பந்தெலிஸ் எழுந்து கால்சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான். "இந்தத் தடவை உன்னைத் தனியா விட மாட்டேன்டா கும்பாரே."

இருவரும் படி இறங்கினார்கள். சிறிது நேரம் கழித்து நான் காப்பியை எடுத்துக்கொண்டு போனேன். லேத் ஓடிக்கொண்டிருந்தது. அனெஸ்திஸ் குனிந்திருந்தான். அவன் தோளுக்குமேல் பந்தெலிஸின் பெரிய தலை, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, இமைக்காமல். குழல் மேசைமேல் இல்லை. பந்தெலிஸின் கையில் இறுக்கமாக இருந்தது. ஆணி தயாரான பிறகுதான் அடிமூடியை மட்டும் கழற்றிக் கொடுத்தான்.

"மெதுவாடா" என்றான்.

"நீ கொஞ்சம் தள்ளி நில்லு. வெளிச்சத்தை மறைக்கற."

பந்தெலிஸ் அரையடி தள்ளி நின்றான். அதற்குமேல் நகரவில்லை.