கூரைக்கடியில் இருந்த அட்டை

பிள்ளைகளே, ஒரு பெட்டி அட்டையை வெட்டிப் பாருங்கள். உள்ளே வரிவரியாக ஒரு நெளித்தாள் இருக்கும். அந்த வரியோடு மடித்தால் அட்டை சுலபமாக மடங்கிவிடும்; வரிக்குக் குறுக்கே மடிக்கப் பலம் வேண்டும். இது தெரியாமல் நான் இரண்டு அட்டைகளையும் வரி ஒரே பக்கமாக வைத்து, நடுவில் என் மகளின் ஓவியங்களை வைத்து அனுப்பிவிட்டேன். வழியில் யாரோ மடித்துத் திணித்திருக்கிறார்கள். படங்கள் நடுவில் மடிப்பு விழுந்து போய்ச் சேர்ந்தன.

இரண்டு நாள் ரயில் தூரத்தில் உள்ள ஓவியக் கல்லூரிக்கு, அவளைச் சேர்ப்பதற்காக அனுப்பியவை அவை. "மறுபடி அனுப்புங்கள், திங்கட்கிழமைதான் கடைசி" என்றார்கள். அவள் சோறு தண்ணீர் மறந்து வரைந்தாள். எங்கள் ஊரிலிருந்து விடிகாலை பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ரயிலில் பலர் வாய் பிளந்து தூங்குவார்கள். அவளோடு கண்விழித்ததில் அந்த நாட்களில் நானும் அப்படித் தூங்கினேன்.

திங்கட்கிழமைக்குள் போய்ச் சேரக்கூடிய கடைசித் தபால் பை கிளம்பும் காலையில்தான் வரைந்து முடித்தாள். அட்டைப்பெட்டி கேட்டு மளிகைக் கடைக்கு ஓடினேன்.

"நேத்து மழைல பொட்டியெல்லாம் ஊறிப்போச்சி அண்ணா. கூழு மாதிரி கீது, பாக்குறியா?" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்து கட்டில்மேல் ஏறினேன். சுரங்கத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டில் தகரக் கூரைக்கடியில், சூடு இறங்காதிருக்க, ஃபிரிட்ஜ் பெட்டி அட்டைகளை ஆணி அடித்து வைத்திருந்தோம். கத்தியை விட்டு நெம்பினேன்.

"இன்னாங்க பண்றீங்க?" என்று மனைவி அலறினாள். "வெயிலுக்கு நாம இன்னா பண்றது? வெந்து சாவுறதா?"

"வெயிலு அப்புறம் வரட்டும். டேப்பை எடு."

மேலிருந்து, தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டின் தூசி கொட்டியது. மகள் ஓவியங்கள்மேல் குப்புறக் கவிழ்ந்துகொண்டாள். "போதும் வுடுப்பா" என்று அழுதாள். நான் விடவில்லை.

ஈரத்துணியால் அட்டையைத் துடைத்தால் ஊறிவிடும். என் சட்டையைக் கழற்றித் துடைத்தேன். படத்தைவிட நான்கு பக்கமும் இரண்டு விரல் அகலம் கூட விட்டு வெட்டினேன். ஒரு அட்டையின் வரி நெடுக்கே, அடுத்ததன் வரி குறுக்கே; பக்கத்துக்கு இரண்டு அட்டை. ஓவியங்களைப் பாலிதீன் உறையில் போட்டு நடுவில் வைத்து, விளிம்பெல்லாம் டேப் ஒட்டினேன். அவசரத்தில் டேப் சுருண்டு சுருண்டு வீணானது.

தபால் நிலையத்தில் பையைக் கட்டப் போகும் நேரம். "இன்னா சார், வூட்டுக் கதவையே பார்சல் பண்ணிக்கினு வந்துட்டீங்களா?" என்று அங்கிருந்த ஊழியர் சிரித்தார். முழங்காலில் வைத்து வளைத்துப் பார்த்தார். வளையவில்லை. முத்திரை குத்திச் சாக்கில் போட்டார். அதன்மேல் கனமான இன்னொரு பார்சலைப் போட்டார்.

மகள் என் கையைப் பிடித்தாள். "இதுவும் மடிஞ்சிபோச்சின்னா?"

"மடியாதும்மா" என்றேன். சாக்கை வண்டியில் ஏற்றும்வரை இருவரும் அங்கிருந்து நகரவில்லை.