மாமா எண்ணிய வெடிகள்

எண்ணத் தெரியாத ஒருவர் எண்ணுவதையே பிழைப்பாக வைத்திருந்ததை எட்டு வயதில் பார்த்தேன். அதிலிருந்து, யாராவது விசித்திரமான வேலை பார்த்தால் இவர் எப்படி இங்கே வந்து சேர்ந்தார் என்று யோசிக்கும் பழக்கம் என்னைத் தொற்றிக்கொண்டது.

1991, காலாண்டு விடுமுறை. ஒரகடம் பக்கம் அத்தை வீட்டுக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். அத்தை கல்குவாரியில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். மாமா அதே குவாரியில் வெடி வைப்பவர். மறைமலை நகரில் கம்பெனி வேலை, யூனிஃபாரம், கேன்டீன் சாப்பாடு எல்லாவற்றையும் உதறிவிட்டு இதற்கு வந்தவர். எங்கள் வீட்டில் அவர் பேச்சு வந்தாலே அப்பா தலையில் அடித்துக்கொள்வார்.

எனக்கோ அவர்தான் ராஜா. மதியம் சிவப்புக் கொடி ஏறியதும் ஜல்லி உடைக்கும் பெண்களோடு நானும் சாலையோர வேப்பமரத்தடிக்கு வந்துவிடுவேன். மாமா குழி குழியாகத் திரிக்கு நெருப்பு வைத்துவிட்டு, ஓடாமல், சந்தைக்குப் போய்த் திரும்புகிறவர் போல நடந்து வருவார். பிறகு மலை அதிரும். எட்டுக் குழி என்றால் எட்டுச் சத்தம் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வெடிக்காத குழி மேலே காத்திருக்கிறது என்று பொருள். நெருப்பு வைத்தவர் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது.

நானும் விரல் மடக்கி எண்ணுவேன். எனக்கு எட்டு என்றால் மாமா ஏழு என்பார். மறுநாள் எனக்கு ஒன்பது, அவருக்கு எட்டு. தினமும் ஒன்று குறையும். காத்திருந்து, மேலே ஏறி, ஒவ்வொரு குழியாகக் குனிந்து பார்த்துவிட்டு இறங்கி வந்து, "எல்லாம் வெடிச்சிட்ச்சி, போங்க" என்பார்.

"தெனம் இதே ரோதனையாப் போச்சு. லாரி நின்னுகினு கீது. உனுக்குக் காது கேக்குதா இல்லியா?" என்று சூப்பர்வைசர் கத்துவார். பெண்கள் சிரிப்பார்கள். மாமாவும் சிரிப்பார். எனக்குத்தான் அவமானமாக இருக்கும்.

ஒரு நாள் கேட்டே விட்டேன். "எண்ணவே தெரியல, எதுக்கு மாமா கம்பெனிய வுட்டுட்டு இந்த வேலைக்கு வந்தீங்க?"

"உங்க அத்த இங்கதான கீறா, அதான்."

"புள்ளகிட்ட பேசற பேச்சா இது?" என்று அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கொஞ்சிக்கொள்ள இவர்களுக்கு என் கேள்விதானா கிடைத்தது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் எட்டுக் குழி. எனக்கு மட்டுமல்ல, சூப்பர்வைசருக்கும் பெண்களுக்கும் எட்டும் கேட்டது. மாமா ஏழு என்றார். அலுத்துக்கொண்டே நின்றோம். போனவர் வெகுநேரம் வரவில்லை. அத்தை தலையிலிருந்த கூடையை இறக்கக்கூட இல்லை. பிறகு கொடி மறுபடி ஏறியது. மாமா அதே நடையில் வந்து சேர்ந்தார். அவருக்குப் பின்னால் ஒரே ஒரு வெடி வெடித்தது.

மலை எதிரொலித்த ஒன்றை எல்லாரும் சேர்த்து எண்ணியிருக்கிறோம். அவருக்கும் அன்று எட்டுதான் கேட்டிருக்கும். காதை நம்பி அத்தையை உள்ளே அனுப்ப அவருக்கு ஒரு நாளும் மனம் வந்ததில்லை. அதற்காக எண்ணத் தெரியாதவன் என்ற பெயரைத் தினமும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

அன்று எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது சொன்னேன்: "பரவால்ல அத்த, இன்னிக்காவது மாமா கரெக்டா எண்ணிட்டாரு."

என் கையைப் பிடித்திருந்த அத்தை பிடியை இறுக்கினாள். வலித்தது. நல்லதாகத்தானே சொன்னேன், இதற்கு ஏன் இப்படி நசுக்குகிறாள் என்று எனக்குக் கோபமாக வந்தது.