தம்பிக்கு என் முகம்

என் முகத்தை நானே படம் பிடித்துக்கொண்டதை ராஜபாளையத்தில் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். வேறு யாரைப் பிடிப்பது? படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று தெருவே நம்பியது. பெட்டிக் கேமராவோடு வெளியே வந்தாலே பெண்கள் கதவைச் சாத்தினார்கள். அகப்பட்ட ஒரே ஆள் நான்தான்.

பஞ்சு மில்லில் கணக்கு எழுதிவந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவை முக்காலியில் வைத்து, அசையாமலிருக்க மேலே ஒரு செங்கல்லும் வைத்து, விசையில் நூலைக் கட்டுவேன். மறுமுனையைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு எதிரே உட்காருவேன். விரலை இழுத்தால் படம். இழுக்கும் அந்த நொடியில் முகம் எப்படியோ கோணிக்கொள்ளும். ஒரு படத்திலாவது மனுசனாகத் தெரிய வேண்டும் என்று படாதபாடு பட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டூடியோக்காரர் கழுவித் தரும்போதெல்லாம், "அண்ணாச்சி, இதுல யாரை முறைக்கீக?" என்பார்.

என் தம்பி பர்மாவில் அரிசி ஆலையில் வேலை பார்த்தான். கேமரா என் கைக்கு வருமுன்பே கப்பல் ஏறியவன். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் நடந்தே கிளம்பிய கூட்டத்தில் அவனும் இருந்தான். வழியில் காலரா கண்டு போய்விட்டான் என்று தப்பி வந்த ஒருவர் சொன்னார். உடல் இல்லை. கருமாதிக்கு மாலை போட ஒரு படமாவது வேண்டும் என்று அம்மா தரையில் விழுந்து அழுதாள். அவனுக்குப் படமே கிடையாது.

அந்தக் காலத்தில் ஸ்டூடியோக்களில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். செத்தவர் சாடையுள்ள உடன்பிறந்தவரின் படத்தை மையால் திருத்திக் கொடுப்பார்கள். என் படங்கள்தான் குவிந்து கிடந்தனவே. அம்மா எல்லாவற்றையும் பரப்பிப் பார்த்து ஒன்றை எடுத்தாள்.

"இதுலதாம்யா அவன் சாடை இருக்கு. மீசைய மட்டும் எடுத்துறச் சொல்லு."

மீசை போயிற்று, கன்னம் ஒடுங்கிற்று, நான் தம்பியானேன். அம்மா மாலை போட்டு, நெற்றியில் பொட்டும் வைத்தாள். தன் முகத்துக்கு விழுந்த மாலையைப் பார்த்துக்கொண்டே சோறு தின்பது லேசான காரியமில்லை. அதன்பிறகு கேமராவைத் தொட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அம்மா தேறினாள். காலையில் படத்தின் முன் நின்று, "ஏலே, இன்னைக்கு எம்புட்டு வெயிலு பாத்தியா" என்று பேசுவாள். நாளாக நாளாக அது யார் படம் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. ஒருதரம் நான் எரிச்சலில், "அது நான்தாம்மா" என்று சொல்லிவிட்டேன். அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

ஜப்பான்காரன் யுத்தம் முடிந்த பிறகு, தம்பியோடு ஆலையில் இருந்தவர் எங்கள் வீடு தேடி வந்தார். அங்கே வேலையாட்கள் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் ஒன்றை அவ்வளவு தூரமும் துணியில் சுற்றிக் காப்பாற்றி வைத்திருந்தார். ஓரத்தில் நின்றவனை விரல்வைத்துக் காட்டினார். ஒட்ட வெட்டிய முடி, தூக்கிய தோள், வெயிலுக்குச் சுருக்கிய கண். தம்பியேதான். அவன் முகம் எனக்கும் மறந்துபோயிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

அம்மா படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"இது வேற யாரோ பெத்த புள்ளய்யா. பாவம், அவுகளைத் தேடிப்பிடிச்சுக் குடுத்துருங்க."

உள்ளே போய், சுவரில் இருந்த என் முகத்துக்கு விளக்கேற்றினாள்.