பாதையோர ஆஷ் மரமும் ஐவி பிர்கெட்டும்

"உள்ள யாருப்பா?" என்று ஆஷ் மரத்தின் பொந்துக்குள் தலையை நீட்டிக் கத்துகிறார் ஐவி பிர்கெட். ஒருமுறை ஆந்தை முகத்தில் மோதிப் பறந்ததிலிருந்து இந்த மரியாதை. பதில் வராவிட்டால் முழங்கை வரை கையை உள்ளே விட்டு அடிமரத்தைத் தடவுவார். கறுப்புக் கயிறு மாதிரிப் பூஞ்சை படர்ந்திருந்தால் மரம் சாயப் போகிறதென்று அர்த்தம். இன்றைக்கு இல்லை. கையைக் கோட்டிலேயே துடைத்துக்கொள்கிறார்.

பாரோடேல் பள்ளத்தாக்கில் குத்தகை நிலம், சாம்பல் நிறச் செம்மறிகள், புருஷன் போய்ச் சேர்ந்தபின் பேச்சுத்துணைக்கு மோஸ் என்கிற நாய். குல்லாய் மேல் குல்லாய் போட்டிருப்பார். மழை வலுத்தால் மேல் குல்லாயைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்வார். "நல்ல குல்லா நனைஞ்சிரும்ல?"

ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரத்தில் ஆஷ் கிளைகளை வெட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். இலை ஆட்டுக்கு, கட்டை அடுப்புக்கு. வெட்டிய இடத்தில் திரும்பத் துளிர்க்கும். உள்ளே பொந்தாகிப் போனாலும் மரம் பாட்டுக்குத் தலைமுறை தலைமுறையாக நிற்கும். பிறகு காற்றோடு ஆஷ் மரங்களைக் கொல்லும் நோய் ஒன்று வந்தது. இலை கருகி, மரங்கள் நுனியிலிருந்து காய ஆரம்பித்தன. இந்த நேரத்தில் வெட்டினால் மரம் தாங்காது என்று ஐவி ரம்பத்தைத் தொடுவதை நிறுத்திவிட்டார். வரிசையில் மற்றதெல்லாம் மொட்டை. பாதையோரத்து இது மட்டும் உச்சி வரை பச்சை. ஆனால் வெட்டாத கிளைகள் நீண்டு, கனத்து, நடக்கிறவர்கள் தலைக்கு மேல் தொங்கின. காப்பாற்றப் போய் வந்த வினை.

நிலத்துக்காரர்களின் ஆள் கீத் வந்து, சுத்தியலால் மரத்தைத் தட்டினார்.

"உள்ள ஒண்ணுமில்ல, ஐவியக்கா."

"எம் புருஷனும் அப்படித்தான் இருந்தான். கடைசி வரைக்கும் விழலையே."

கீத் சிரித்துவிட்டார். சிரிப்பு நிலைக்கவில்லை, முகம் வாடியது. "எனக்கு மட்டும் வெட்டணும்னு ஆசையா? நோயத் தாங்குற மரம் நூத்துல ரெண்டு தேறுனாலே பெரிசு. இதோட விதையிலதான் நாளைக்குக் கன்னு வரணும். ஆனா கீழ நாள் பூரா ஜனம் நடக்குது. எவன் தலையிலயாவது விழுந்தா?"

"சுத்திப் போகச் சொல்லு."

"எங்க சுத்துறது? அந்தாண்ட ஆறு. இந்தாண்ட உங்க புல்வெளி. அதுல வழி விடுவீங்களா?"

அந்தப் புல்லை உலர்த்தி வைத்துத்தான் குளிர்காலம் முழுக்க ஆடுகளுக்குப் போட வேண்டும். தெரியாமல் அதில் கால் வைத்தவனைக்கூட, "என் ஆட்டோட சோத்துத் தட்டுல ஏண்டா நடக்குற?" என்று விரட்டுகிறவர் ஐவி. பட்டணத்துத் தம்பதி ஒன்று பயந்து ஆற்றிலேயே இறங்கி ஓடியிருக்கிறது.

"வழியில்லேன்னா திங்கக்கிழமை வெட்ட ஆள் வந்துரும்க்கா." கீத் வண்டியை நோக்கி நடந்தார்.

ஐவி பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றினார். குடிக்கவில்லை. மரத்தையும் பார்க்கவில்லை. இடுப்பளவு வளர்ந்து அறுப்புக்கு நின்ற புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏய் கீத்! ஓடாத, நில்லு."

கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு, பாதைக்கும் புல்வெளிக்கும் நடுவில் நின்ற சுவருக்குப் போனார். சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய சுவர். காலை அகட்டி ஊன்றி, மேல் வரிசையிலிருந்து ஒரு கல்லைத் தூக்கிக் கீழே வைத்தார்.